செங்கம் ரோட்டுக் கம்ப்யூட்டரும் என் சமையல்கட்டு மேசையும்

1

எங்கள் வீட்டுச் சமையல்கட்டு மேசையில் ஒரு லேப்டாப் இருக்கிறது. மகள் வைத்திருந்த பழையது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அதைத் திறப்பேன். ஒரு சின்னப் படத்தை இரண்டு தட்டு தட்டினால் ஒரு ஜன்னல் வரும். அந்த ஜன்னலுக்குள் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கிற எங்கள் அண்ணன் லாட்ஜின் கம்ப்யூட்டர் திரை அப்படியே தெரியும்.

வீடியோ மாதிரி நினைக்க வேண்டாம். ஆள் தெரியாது. சத்தம் கேட்காது. திரை மட்டும்தான். இங்கே நான் மவுசை நகர்த்தினால் அங்கே அம்பு நகரும். இங்கே எழுத்தைத் தட்டினால் அங்கே விழும். அங்கே யாராவது மவுசைத் தொட்டால் இங்கே அம்பு தானாக ஓடும். முதல் தடவை அப்படி ஓடியபோது பயந்து கையை எடுத்துவிட்டேன். அண்ணிக்குப் போன் போட்டேன்.

"குரங்கு உள்ள பூந்துட்டுச்சு சாந்தி. மேசை மேல உக்காந்துனு இருக்கு. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

ஜன்னலின் வலது மூலையில் ஊர் மணி ஓடும். அதற்குக் கீழே, என் லேப்டாப்பின் மூலையில், இந்த ஊர் மணி. இங்கே விடியற்காலை ஐந்தரை என்றால் அங்கே பிற்பகல் மூன்று. சில நேரம் கிழமையே வேறாக இருக்கும். ஒரே கண்ணாடியில் இரண்டு நாள்.

நான் கீழ்பென்னாத்தூர்ப் பொண்ணு. எட்டாவது வரை படித்தேன். டொரோண்டோவுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. கணவருக்கு ரொட்டி பேக்டரியில் வேலை. எனக்கு ஓட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை. எழுதிப் பழக்கம் இல்லை.

இந்தப் புரட்டாசியோடு அண்ணன் இறந்து ஒரு வருடம். திதிக்குப் போக முடியவில்லை. போனில் துக்கம் கேட்கிற உறவுக்காரர்கள் கடைசியில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அங்க இருந்துனே லாட்ஜ நீதான் நடத்துறியாமே?"

நான் நடத்தவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

அண்ணன் வேன் ஓட்டினவர். வெளிநாட்டுக்காரர்களைச் சென்னை ஏர்போர்ட்டிலிருந்து ஆசிரமத்துப் பக்கம் கொண்டுவந்து விடுவார். அப்படி ஓட்டி ஓட்டி, இவர்களுக்குத் தங்க இடம் கட்டினால் என்ன என்று தோன்றிக் கட்டினார். கீழே வீடு. மேலே ஆறு அறை. அதற்கு மேலே மொட்டை மாடி. மாடியில் நின்றால் மலை.

கம்ப்யூட்டர் இரண்டு காரியத்துக்கு. ஒன்று, அறை எடுக்கிறவர்கள் இணையத்தில் எடுப்பார்கள். எந்த அறை எந்த நாள் காலி என்று கட்டம் கட்டமாகத் தெரியும். காலி என்றால் பச்சை, போய்விட்டால் சிவப்பு. இரண்டாவது, வெளிநாட்டுக்காரர் தங்கினால் அவர் விவரத்தைப் போலீசுக்கு உடனே ஏற்ற வேண்டும். தாமதமானால் கேள்வி வரும். இரண்டையும் அண்ணன் பார்த்தார். அண்ணி சாவி, சமையல், துணி, தண்ணீர் எல்லாம் பார்த்தார். கம்ப்யூட்டர் பக்கம் போனதில்லை. துடைக்கும்போது கூட மேசையைச் சுற்றித்தான் துடைப்பார்.

அண்ணன் மாரடைப்பில் போனார். நானும் மகள் நிவேதாவும் காரியத்துக்குப் போனோம். வீடு முழுக்க ஆள். மேலே அறைகளில் விருந்தாளி. போலீசுக்கு ஏற்ற வேண்டியது நின்று கிடந்தது. ஒரு வெள்ளைக்காரர் கீழே வந்து துக்கம் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கித் தன் பாஸ்போர்ட்டை நீட்டினார். நிவி அதை வாங்கி ஏற்றினாள். பிறகு ஒரு புரோகிராமை இறக்கி, "அம்மா, இனிமே நீ டொரோண்டோல இருந்தே பண்ணலாம்" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

அண்ணி ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார். வாரிசுச் சான்று, கரண்ட் கனெக்‌ஷன், லாட்ஜ் லைசென்ஸ் எல்லாம் அண்ணன் பெயரில். ஒரு ஆபீசில் அங்கே இருந்தவர் மனுவைப் பார்க்காமலே, "ஓனர் நேர்ல வரணும்மா" என்றாராம். அண்ணி, "அவரு வர மாட்டாரு சார். இனிமே நான்தான் வருவேன்" என்றிருக்கிறார். அவர் அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாராம்.

இங்கேயும் பேப்பர் வேலைக்குக் குறைவில்லை. இனிஷியல் என்றால் இவர்களுக்குப் புரியாது. அதை விரிக்கச் சொன்னார்கள். விரித்தேன். அப்பா பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டது. ஓட்டலில் சூப்பர்வைசர் என்னை ஏழுமலை என்றுதான் கூப்பிடுகிறாள். முதலில் திரும்பிப் பார்க்க மாட்டேன். இப்போது பார்க்கிறேன். மாற்றலாம் என்றார்கள். அதற்கு இன்னொரு கட்டு பேப்பர். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

3

ஓட்டல் வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது படுக்கை விரிப்பது அல்ல. கதவு தட்டுவது. மூன்று தட்டு தட்டி, ஹவுஸ்கீப்பிங் என்று சொல்லி, நிற்க வேண்டும். பதில் இல்லை என்றால் திரும்பவும் தட்ட வேண்டும். அறை காலி என்று தெரிந்தாலும் தட்ட வேண்டும். நம் கையில் சாவி இருந்தாலும் தட்ட வேண்டும். இந்தப் பதினாறு வருடத்தில் அது கையோடு வந்துவிட்டது. வீட்டில் குளியலறையைக் கூட அப்படித்தான் தட்டுகிறேன். கணவர் உள்ளே இருந்து, "துண்டு வேணாம் போ" என்பார்.

ஓட்டலில் நாளெல்லாம் அறைகள். அதனால் அண்ணன் லாட்ஜின் கட்டங்கள் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டன. ஐந்தரைக்கு ஜன்னலைத் திறப்பேன். பின்னால் ஒரு அருவிப் படம். கம்ப்யூட்டர் வாங்கும்போது இருந்தது. அண்ணன் மாற்றவே இல்லை. அதன் மேல் கட்டங்களைத் திறந்து வைப்பேன். போனை ஸ்பீக்கரில் போட்டால் அண்ணி அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எதிரே திரை. அம்பை நான் நகர்த்துவேன். அவர் பார்ப்பார்.

"அண்ணி, அந்த இத்தாலிக்கார அம்மா பாஸ்போர்ட்ட ஸ்கேன் போட்டீங்களா?"

"நிவி சொன்ன மாதிரி மூடியத் தூக்கி வச்சேன். வெளிச்சம் ஓடுச்சு. வந்துச்சா?"

"வந்திருக்கு. அந்தம்மா தலைகீழா இருக்காங்க."

"அவங்க ஆசனம் போடுற ஆளு. அப்படித்தான் இருப்பாங்க. நீ திருப்பிக்கோ."

இப்படி ஒரு வருடம் ஓடியது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இங்கே என்னை யாரும் எதையும் கேட்டுச் செய்வதில்லை. அங்கே ஆறு அறையும் என் விரலில் இருந்தது. ஒரு நாள் அண்ணி மவுசைத் தொட்டார். அம்பு துள்ளியது. "நீங்க தொடாதீங்க அண்ணி, கலைஞ்சிடும். நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு தொடவில்லை.

அண்ணிக்கு ஒரு தம்பி. குமார். கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறான். அக்கா மேல் பாசம் உள்ளவன்தான். ஆனால் அக்காவால் தனியாக முடியாது என்பது அவன் முடிவு. சென்னைப் பார்ட்டி ஒன்றைப் பிடித்துவிட்டான். மொத்தக் கட்டடத்தையும் லீசுக்குக் கேட்கிறார்கள். கீழ் வீட்டையும் சேர்த்து. அண்ணி காலி செய்து குமார் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

"ஆவணிப் பௌர்ணமி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்" என்று அண்ணி என்னிடம் சொன்னார். "அது ஒழுங்கா போச்சுன்னா வுட்டுடுறேன்னான். இல்லேன்னா திங்கக்கிழமை பார்ட்டிய இட்டுனு வருவான்."

"போனா இன்னா அண்ணி, குமார் நல்லாதான் பாத்துக்குவான்."

"பாத்துக்குவான். ஒரு ரூம் குடுப்பான். டிவி போட்டுக் குடுப்பான். நான் அதுக்கு இன்னும் ரெடி ஆவல சாந்தி."

அண்ணி தனக்கென்று எதையும் கேட்கிற ஆள் இல்லை. அதனால் எனக்கு அது காதிலேயே நின்றது.

4

நிவி எங்களோடு இல்லை. வேலை கிடைத்ததும் நகரத்துக்குள் தனி வீடு பார்த்துக்கொண்டாள். இங்கே அது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை வருவாள். சில ஞாயிறு வர மாட்டாள். கேட்டால், "போன்ல இருந்தேன்மா" என்பாள். யாரோடு என்று நான் கேட்பதில்லை. கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வரும். அத்தையை நீ என்பாள், பூனையை வாங்க என்பாள். அவள் தமிழ் அவ்வளவுதான்.

ஆடி மாதக் கடைசியில் அண்ணி போனில் சொன்னார். "பௌர்ணமிக்குக் குடியாத்தம் செட்டு வராங்க. எப்பவும் போல ரெண்டு ரூம் புடிச்சு வச்சுடு."

குடியாத்தம் செட்டு என்பது பன்னிரண்டு பேர். மாதம் தவறாமல் கிரிவலம் வருகிறவர்கள். சம்பந்தம் என்று ஒருவர் தலைவர். அண்ணன் காலத்திலிருந்து வேறு எங்கும் தங்கியதில்லை. அவர்களைப் பார்த்துத்தான் மற்ற செட்டுகளும் வர ஆரம்பித்தன. அவர்கள் விட்டுப் போனால் லாட்ஜ் போனது மாதிரி.

மற்ற மாதங்களில் அண்ணியே தேதியைச் சொல்லிவிடுவார்; இந்தத் தடவை சொல்லவில்லை, பௌர்ணமி எப்போது என்று நானே பார்த்தேன். சமையல்கட்டுச் சுவரில் இந்த ஊர்க் கடையில் கொடுத்த காலண்டர். சனிக்கிழமையில் வட்டமாக நிலா போட்டிருந்தது. எதற்கும் நிவியைக் கேட்டேன். போனைத் தடவிப் பார்த்து, "சாட்டர்டே" என்றாள். சனிக்கிழமைக்கு ஐந்தாவது அறையையும் ஆறாவது அறையையும் சிவப்பாக்கி வைத்தேன். வெள்ளிக்கிழமை பச்சையாக இருந்தது. அன்றைக்கு இரண்டு அறையையும் பெங்களூர்க் குடும்பம் ஒன்று எடுத்துக்கொண்டது. நல்லது, அறை சும்மா கிடக்கவில்லை என்று நினைத்தேன்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.

நம் ஊரில் பௌர்ணமி என்பது காலண்டரில் ஒரு வட்டம் அல்ல. தினசரிக் காலண்டர் தாளில் பொடி எழுத்தில் எப்போது ஆரம்பம், எப்போது முடிவு என்று போட்டிருக்கும். அந்த மாதம் வெள்ளி ராத்திரி ஆரம்பித்து சனி சாயந்திரம் முடிந்தது. ஜனம் வெள்ளி ராத்திரிதான் நடக்கும். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறும். இது திருவண்ணாமலையில் ஆட்டோ ஓட்டுகிறவருக்குத் தெரியும், இளநீர் விற்கிறவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் சுவரில் தொங்கியது இந்த ஊர்க் காலண்டர்.

5

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை நாள். சனி ஞாயிறுதான் ஓட்டலில் கூட்டம், அதனால் எங்களுக்கு நடுவாரத்திலோ வெள்ளியிலோ விடுவார்கள். காலை எட்டு மணிக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் சாயந்திரம் ஐந்தரை. அண்ணி கூப்பிட்டார்.

"சாந்தி, குடியாத்தம் ஆளுங்க தற்காலிக பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டாங்களாம். நடந்து வந்துனு இருக்காங்க. எந்த ரூம் சாவி எடுத்து வைக்கட்டும்?"

"இன்னிக்கா? அவங்க நாளைக்கு இல்ல?"



"நாளைக்கு பௌர்ணமி முடிஞ்சிடும்டி" என்றார். சத்தமே போடவில்லை.

"அஞ்சு, ஆறு?"

"பெங்களூர்க்காரங்க இருக்காங்க. கொழந்தைங்க துணி கூட காயப்போட்டுட்டாங்க. மத்ததெல்லாம் வெள்ளக்காரங்க."

பின்னால் குமார் குரல் கேட்டது. "நான் அப்பவே சொன்னேனா இல்லியாக்கா? ஆள் ஒரு தேசத்துல, ரூம் ஒரு தேசத்துல. இதெல்லாம் நடக்கற கதையா?"

அதோடு லைன் போய்விட்டது. திரும்பப் போட்டேன். போகவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் போன் வேலை செய்யாது. லட்சம் பேர் ஒரே நேரத்தில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அடுப்பை அணைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். லாட்ஜுக்குக் கம்பி வழி இணையம். அது ஓடியது. ஜன்னல் வந்தது. அருவி, கட்டங்கள், மூலையில் ஊர் மணி.

பக்கத்து லாட்ஜுகளைத் தேடினேன். எல்லாம் சிவப்பு. கட்டங்களுக்கு வந்தேன். பெங்களூர்க் குடும்பத்தை ஒரே அறைக்கு மாற்றலாமா என்று இழுத்தேன். குழந்தையோடு ஒரு அறையில் எத்தனை பேர் படுப்பார்கள், விட்டேன். இத்தாலிக்கார அம்மாவை ஒரு ராத்திரி வேறு இடம் அனுப்பலாமா என்று அவர் கட்டத்துக்குப் போனேன்.

அப்போது அம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. நான் இடது பக்கம் இழுத்தால் அது வலது பக்கம் போனது. நான் மேலே கொண்டுபோனால் கீழே வந்தது. குரங்கு என்று நினைத்தேன். குரங்கு இப்படி ஒரே திசைக்கு இழுக்காது.

எழுதுகிற பக்கம் ஒன்றைத் திறந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டினேன். "அண்ணி போன் போகல. சொல்ல வேண்டியத இதுல எழுதுங்க."

காத்திருந்தேன். அவர் ஒரு நாளும் அதில் எழுதியதில்லை. எழுத்து விழ வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு எழுத்து விழுந்தது. நேரம் கழித்து இன்னொன்று. ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிறார் என்று தெரிந்தது. கடைசியில் அது ஒரு வரி ஆனது.

"கைய எடு."

எடுத்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

6

அம்பு நகர்ந்தது. புதுச் செருப்பு போட்டவர் நடக்கிற மாதிரி கொஞ்சம் போகும், நிற்கும். வெள்ளிக்கிழமைக் கட்டங்கள் பக்கம் போகவே இல்லை. நேராகச் சனிக்கிழமைக்குப் போனது. நான் சிவப்பாக்கி வைத்த இரண்டு கட்டத்தில் முதல் கட்டத்தின் மேல் நின்றது. ஒரு பெட்டி திறந்தது. எதை அழுத்த வேண்டும் என்று ஒரு நிமிடம் தேடியது. அழுத்தியது. கட்டம் பச்சையானது. அடுத்ததும் பச்சையானது.

ஒரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார் என நினைத்தேன். எப்படிச் செய்கிறேன் என்றும் பார்த்திருக்கிறார்.

எழுதுகிற பக்கத்தில் திரும்ப எழுத்து விழுந்தது. இந்தத் தடவை கொஞ்சம் வேகம்.

"சனிக்கிழம சாயந்திரம் நடக்கறவங்களும் கொஞ்சம் வருவாங்க. அவங்க எடுத்துக்கட்டும்."

நான் மவுசைத் தொடாமல் எழுத்தை மட்டும் தட்டினேன். "குடியாத்தம்?"

"மாடி."

"மாடில எப்படி அண்ணி? படுக்கை இல்ல."

"அவங்க தூங்க வரல சாந்தி. நடக்க வந்தாங்க. குளிக்கணும், பை வைக்கணும், நடந்துட்டு வந்து கால நீட்டணும். அவ்ளோதான்."

இன்னும் ஒரு வரி வந்தது. "குமார் வெந்நீர் தூக்கறான். நான் போறேன்."

அவ்வளவுதான். பிறகு யாரும் மவுசைத் தொடவில்லை. திரை அப்படியே நின்றது. மேலே என்ன நடக்கிறது என்று ஜன்னலில் தெரியாது. மாடி தெரியாது, ஆள் தெரியாது. குமார் திட்டுகிறானா, சம்பந்தம் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறாரா, ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு பேர் வாசலில் நிற்கிற நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒரு அருவிப் படமும் ஆறு அறைக் கட்டங்களும்தான்.

ஆறிப்போன தோசையைச் சாப்பிட்டேன். துணி துவைத்தேன். நடுவில் நடுவில் வந்து பார்த்தேன். மத்தியானம் வந்தபோது சனிக்கிழமையில் ஒரு பச்சை சிவப்பாகியிருந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும். நான் தொடவில்லை.

மேலே நடந்ததை மறுநாள் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அண்ணி மாடியைக் கழுவி ஜமக்காளம் விரித்திருக்கிறார். பைகளைத் தன் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சம்பந்தத்திடம் கொடுத்திருக்கிறார். குளிக்கத் தன் வீட்டுக் குளியலறை. முட்டி வலி என்று வந்த ஒரு அம்மாவுக்குத் தன் கட்டில். குமார் பாதி நேரம் முணுமுணுத்தானாம். "ஏண்டா, வாயாலயே தூக்குறியா, கையால தூக்குறியா?" என்று அண்ணி கேட்டதும் பேசாமல் குடம் சுமந்திருக்கிறான். ஒன்பது மணிக்கு எல்லாரும் நடக்கப் போய்விட்டார்கள். விடியும் முன் திரும்பி வந்து, வெந்நீரில் கால் நனைத்து, மாடியில் படுத்திருக்கிறார்கள். எதிரே மலை. காற்று.

"சம்பந்தம் இன்னா சொன்னாரு?" என்றேன்.

"இத்தினி வருஷமா எங்கள ரூமுக்குள்ள அடச்சி வச்சுட்டியேம்மான்னாரு. அடுத்த பௌர்ணமிக்கும் மாடிதான் வேணுமாம். மழ வந்தா இன்னா பண்றதுன்னு கேட்டேன். வந்தா நனையறோம்னாரு."

7

திங்கட்கிழமை சென்னைப் பார்ட்டி வந்தது. முன்பே சொல்லிவைத்ததால் குமாரால் தடுக்க முடியவில்லையாம். இதை அவனே எனக்குப் போன் போட்டுச் சொன்னான். அவன் எனக்குப் போன் போடுகிற ஆளே இல்லை.

"அக்கா அவருக்கு டீ குடுத்துச்சு. நல்லா உக்கார வச்சு, ஊரு எது, கொழந்தைங்க எத்தினின்னு எல்லாம் விசாரிச்சுச்சு. நானும் சரி, ஒத்துக்கப் போவுதுன்னு பாத்தா, 'லாட்ஜு ஓடினு இருக்கு சார். காலி இல்ல'ன்னுடுச்சு. அவரு என்னப் பாக்கறாரு. நான் டம்ளர எடுத்துனு உள்ள போயிட்டேன்."

"கோவமா உனக்கு?"

"கோவம் இன்னா. எனக்கு முதுகு வலி. பன்னெண்டு பேருக்கு வெந்நி தூக்கினவன் நான்தான். அத யாருனா கேட்டீங்களா?"

மறுநாள் காலை ஐந்தரைக்கு லேப்டாப்பைத் திறந்தேன். சின்னப் படத்தை இரண்டு தட்டு தட்டினேன். ஜன்னல் வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் அனுமதிக்கக் காத்திருக்கிறது என்று எழுதியிருந்தது. இணையக் கோளாறு என்று மூடித் திறந்தேன். அதே பெட்டி. இந்த ஒரு வருடத்தில் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை.

நிவியைக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தாள்.

"அத்தை கேட்டா. நான் மாத்திக் குடுத்தேன்" என்றாள்.

"கேட்டாங்கன்னு சொல்லுடி."

"கேட்டாங்க."

"எப்பக் கேட்டாங்க?"

"ஞாயித்துக்கிழமை. நேத்துதான் மாத்தினேன். நாங்க ஞாயித்துக்கிழமை பேசுவோம்ல."

எனக்கு அது தெரியாது. நான் வீட்டில் அவளுக்காகச் சமைத்து வைத்துக் காத்திருந்த ஞாயிறுகளில் சிலவற்றை அவள் அத்தையோடு பேசிக் கழித்திருக்கிறாள். பாஸ்போர்ட்டை நேராக வைப்பது எப்படி என்று இவள் சொல்ல, அத்தையை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவர் சொல்ல, ஒரு வருடமாக ஓடியிருக்கிறது. இரண்டு பேருக்கும் பாதிதான் வந்திருக்கிறது.

அண்ணிக்குப் போன் போட்டேன்.

"இன்னா அண்ணி, கதவச் சாத்திட்டீங்க?"

"சாத்தல. தாப்பாதான் போட்டிருக்கேன். நீ தட்டு, தொறக்கறேன்."

"நான்தான அண்ணி வரேன்?"

"நீதான். வேற யாரு வரப் போறாங்க? இருந்தாலும் தட்டிட்டு வா. நான் உள்ள வேலையா இருக்கேன்."

சொல்லிவிட்டு, மாவு பொங்கிவிட்டது என்று வைத்துவிட்டார். அவர் குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. சாவி எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

சுருக்கென்றுதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் போகும்போதும் அதே நினைப்பு. அன்றைக்கு ஓட்டலில் எனக்குப் பதினைந்து அறை. முதல் அறைக் கதவு முன் வண்டியை நிறுத்தினேன். சாவி கையில் இருந்தது. மூன்று தட்டு தட்டினேன். ஹவுஸ்கீப்பிங் என்றேன். நின்றேன். உள்ளே இருந்து ஒரு கிழவர், பத்து நிமிடம் கழித்து வா என்றார். சரி என்று அடுத்த கதவுக்குப் போனேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உள்ளே ஆள் இருக்கிறது, அவ்வளவுதான்.

அண்ணன் வீட்டுக்குள் ஒரு வருடமாகத் தட்டாமல் போய்வந்தேன். உள்ளே ஆள் இருந்தது.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. கட்டங்களை அண்ணிதான் பார்க்கிறார். போலீசுக்கு ஏற்றுவதில் ஆங்கிலம் புரியாத இடம் வந்தால் என்னைக் கூப்பிடுவார். போன வாரம் எங்கள் வீட்டுச் சுவருக்கு ஒரு தினசரிக் காலண்டர் வாங்கினேன். தமிழ்க் கடையில் கிடைத்தது. இந்த ஊர்க் காலண்டரை எடுக்கவில்லை. பக்கத்தில் மாட்டினேன். சம்பளம் போடுகிற நாள் அதில்தான் இருக்கிறது.

ஐந்தரைக்குத் தட்டுகிறேன். சாம்பல் பெட்டி வரும். காப்பியைக் கலந்துகொள்வேன். சில நாள் உடனே திறக்கும். சில நாள் காப்பி முடிந்த பிறகு திறக்கும். அருவி வரும். நடுவில் நிற்கிற அம்பு ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விடும். எழுதுகிற பக்கம் திறந்தே இருக்கும்.

இன்று காலை அதில் நான் தட்டினேன். "இன்னா வேல இருக்கு அண்ணி?"

எழுத்து இப்போது வேகமாக விழுகிறது. இரண்டு விரல்.

"ஒண்ணும் இல்ல. சும்மா உக்காரு."

உட்கார்ந்தேன். மூலையில் இரண்டு மணியும் ஓடிக்கொண்டிருந்தன. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.